கரையோடு நடக்கும் நாய் வாவியில் என்ன செய்யும்?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கும் என் தங்கை குடும்பத்தார் தங்கள் இரண்டு நாய்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் கால்வாய்ப் படகிலேயே தங்கி வந்ததாகப் படங்கள் அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் இரண்டு நாய்கள் உண்டு. ஒன்று பத்து வயதைக் கடந்த நாட்டு நாய். மற்றது எதைக் கண்டாலும் பாயும் குட்டி. கல்லடியில் வள்ளம் பிடித்து நமது மட்டக்களப்பு வாவியில் அப்படி ஒரு நாள் முழுவதும் போய்வர முடியுமா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: போகலாம், ஆனால் முழு நாள் வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும்.

உங்கள் தங்கை போன பயணம் எதனால் நாய்களுக்கு இதமாக அமைகிறது என்பதை முதலில் பாருங்கள். அந்தக் கால்வாய்களில் படகின் வேகம் மணிக்கு 4 மைலைத் தாண்டக்கூடாது. ஓரமாகக் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைக்கவேண்டும். முற்காலத்தில் குதிரைகள் கயிறு கட்டிப் படகை இழுத்துச் சென்ற நடைபாதை இன்றும் கால்வாயின் ஓரமாகவே செல்வதால், நாய் இறங்கி எசமானோடு கரையில் நடக்கும். படகை மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் விடும் கதவறைகளில் நீர் நிரம்பும் வரை புல்லை மோந்துகொண்டு திரியும். களைத்தால் மறுபடியும் ஏறிப் படுத்துக்கொள்ளும். மனிதர் அதைப் படகுப் பயணம் என்கிறோம், நாய்க்கோ அது நீண்டதொரு நடை.

நமது வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளமானது என்றாலும் அதன் கரையோரமாக அத்தகைய பாதை கிடையாது. கண்ணா எனும் சதுப்புநில மரங்களும், சேறும், கட்டிவைத்த வலைகளும், தனியார் வளவுகளுமே உள்ளன. ஆகவே எங்கே இறங்குவது என்பதை வள்ளக்காரரோடு முன்கூட்டியே பேசி, அந்தத் துறைகளைக் கொண்டே பயணத்தை அமைக்கவேண்டும். கல்லடிப் பாலத்திலிருந்து பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் போய், மணலில் நாய்களை நடக்கவிட்டுத் திரும்புவது முதல் முறைக்குப் பொருத்தமானது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் அங்கே நீரோட்டம் வலுவாக இருக்குமாதலால் வாய்ப்பக்கம் நெருங்கவேண்டாம். பயணிகள் ஏறும் ‘பாதை’ எனும் மிதவைப் படகில் நாய்களைக் கொண்டுபோவதையும் நான் விரும்பவில்லை, நெருக்கமாக நிற்கும் சனங்களுக்குள் நாய்க்குப் பயந்தவர்களும், சமய வழக்கத்தால் அதன் எச்சில் படக்கூடாது என்று கருதுபவர்களும் இருப்பார்கள்.

விடிந்தவுடன் புறப்பட்டு ஒன்பது மணிக்கு முன்னர் திரும்பிவிடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழுந்தால் வாவி அலையடிக்கும். அதற்கும் மேலாக வெயில் இருக்கிறது. நாய் நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை, பெரும்பாலும் மூச்சு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. ஃபைபர் வள்ளத்தின் தளத்தில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் ஐந்து விநாடி தாங்க முடியாத சூட்டில் அந்த முதிய நாய் நின்றுகொண்டே வரவேண்டியிருக்கும். நனைத்த சாக்கு ஒன்றை விரித்து, மேலே நிழலும் கட்டிக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். வாவியின் உவர்நீரைக் குடித்தால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரக்கூடும்.

குட்டிதான் எனக்குக் கவலை தருகிறது. வள்ளம் துறையை அணைவதற்கு ஒரு முழம் இருக்கும்போதே அது பாயும். பாயும் விசையில் வள்ளம் பின்னே தள்ளப்பட, கரைக்கும் வள்ளத்துக்கும் இடையில் விழும். எனவே அணையும் வரை ஒருவர் அதன் மார்புப் பட்டியைப் பிடித்திருக்கவேண்டும். கயிற்றை வள்ளத்தோடு முடிந்துவிடக்கூடாது. வள்ளம் கவிழ்ந்தால் கட்டிய நாய்க்குத் தப்ப வழியில்லை. முதுகில் கைப்பிடி உள்ள மிதவைச் சட்டை கிடைத்தால் அணிவியுங்கள். நாய் விழுந்துவிட்டால் முதலில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு கூப்பிடுங்கள்.

கேள்வி: நாய்களை வாவியில் நீந்தவிடலாமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: வேண்டாம். முதலை இந்த வாவியில் உண்டு. கரையோரத்தில் நீர் நக்கும் நாய் அதற்கு எளிய இரை. அவ்விடத்து மீனவர் வேண்டாம் என்று சொன்ன துறையில் நாயை இறக்கவே வேண்டாம். மழைக்காலத்து வெள்ளநீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கக்கூடும். விசர்நாய்த் தடுப்பூசியோடு அதற்கான ஊசியையும் பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

இன்னுமொன்று: பூரணை இரவில் துடுப்பை நீரில் இறக்கி, அதன் மறுநுனியைக் காதில் வைத்து, வாவியின் ‘பாடும் மீன்’ ஓசையைக் கேட்கப் போகிறீர்களென்றால், நாய்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.