"தைரியமா இருங்க" என்பதைத் தவிர என்ன சொல்வது? பேலியேட்டிவ் கவுன்சிலிங் பற்றிக் கேள்வி பதில்

நான் பேலியேட்டிவ் கேர், அதாவது வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்புப் பிரிவில் கவுன்சிலராக இருக்கிறேன். குணமாகாத நோயோடு இருப்பவர்களையும், அவர்கள் போன பிறகு வீட்டில் மிச்சமிருப்பவர்களையும் பார்ப்பதுதான் வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சொல்லியிருக்கும் சம்பவங்களில் ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அக்கா, நான் சைக்காலஜி முதுகலை படிக்கிறேன். கவுன்சிலர் அங்கே என்னதான் செய்வார்? பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதா?

கையைப் பிடிப்பதும் உண்டு, அவரிடம் கேட்டுவிட்டு. ஆனால் காலையில் முதலில் நடப்பது டீம் மீட்டிங். யார் ராத்திரி தூங்கவில்லை, யார் வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை, வலி குறைந்தும் யார் முனகுகிறார் என்று மருத்துவர், செவிலியர், நாம் எல்லோரும் பேசுவோம். பிறகு ஒவ்வொருவராகப் பார்ப்பது. உயில் எழுத வேண்டும் என்பார் ஒருவர். பல வருடம் பேசாத தங்கையைப் பார்க்க வேண்டும் என்பார் இன்னொருவர். சிலரோடு வெறுமனே உட்கார்ந்துவிட்டு வருவோம், அதுவும் வேலைதான்.

உலக சுகாதார நிறுவனம் பேலியேட்டிவ் கேருக்கு 2002-ல் கொடுத்த வரையறையிலேயே, நோயின்போதும் இறப்புக்குப் பிறகும் குடும்பத்துக்குத் துணையாக இருப்பது இதில் அடக்கம். "கடைசி வாரத்தில் கூப்பிடுகிற ஆள்" என்று நம்மை நினைப்பவர்கள் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறார்கள். முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் செய்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், நோய் தெரிந்தவுடனே பேலியேட்டிவ் கேரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, ஆயுளும் சற்றுக் கூடியிருந்தது. அப்படி நினைக்கும் டாக்டர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மகன் என்னைக் காரிடாரில் நிறுத்தி, "அப்பாவுக்கு கேன்சர்னு தெரியாது, அல்சர்னே சொல்லுங்க மேடம்" என்கிறார். என்ன செய்வது?

முதலில் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். "நோயாளிக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது" என்று ஆரம்பித்தால் அடுத்த முறை உங்களை அறைக்குள் விடமாட்டார்.

நான் சொல்வது இதுதான்: "நானா எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா அவரே கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்." அதன் பிறகு, "சொன்னா என்ன ஆகும்னு பயப்படறீங்க?" என்று கேட்பேன். "தாங்க மாட்டார்" என்பார்கள். "இதை நீங்க ஒருத்தரே மனசுல வெச்சுக்கிட்டு இருக்கீங்களே, எப்படி இருக்கு?" என்று அடுத்துக் கேட்டால், பெரும்பாலும் அங்கேயே உடைந்துவிடுவார்கள். அதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு, அப்பாவுக்கு என்ன புரிந்திருக்கிறது என்று மட்டும் கேட்க அனுமதி வாங்குங்கள். உள்ளே போய், "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்ற ஒரே கேள்வி போதும். இப்படிக் கேட்டபோது ஒரு பெரியவர் கதவைச் சாத்தச் சொன்னார். "எல்லாம் தெரியும்மா. என் பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவன் தாங்க மாட்டான்" என்றார். மகன் அப்போது கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ள இருவருக்கும் சம்மதமா என்று தனித்தனியாகக் கேட்டேன். அன்று சாயங்காலம் இருவரும் பேசினார்கள். நான் கூட இருக்கத் தேவைப்படவில்லை.

"அதெல்லாம் டாக்டரும் என் பையனும் பார்த்துப்பாங்க" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் பதில்தான், மல்லுக்கட்டி உண்மையைத் திணிக்காதீர்கள். நோயின் பெயரை முதன்முதலில் சொல்வது மருத்துவரின் பொறுப்பு. அவர் சொல்லும்போது கூட இருப்பதும், போன பிறகு "என்ன சொன்னார், உங்களுக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேட்பதும் நம் பங்கு.

செவிலியர் நான். கணவரை இழந்த ஒரு அம்மா நான்கு மாதமாகக் கோபத்திலேயே இருக்கிறார். துக்கத்தின் ஐந்து கட்டங்கள் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) என்கிறார்களே, அதில் அடுத்த கட்டத்துக்கு அவரை எப்படி நகர்த்துவது, சார்?

சார் இல்லை, அக்கா என்றே கூப்பிடலாம். நகர்த்தாதீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதிய அந்த ஐந்து கட்டங்கள், சாகப்போகிறவர்களிடம் பேசிப் பேசி அவர் கண்டவை. பிரிவுத் துயரில் இருப்பவர்களுக்கு அதைப் பொருத்தியது பிற்பாடு நடந்தது. படிப்படியாக ஏறி முடிக்க வேண்டிய பாடத்திட்டம் போல அதைப் பாவிப்பதால் வரும் கெடுதல் கொஞ்சமில்லை. "நான் இன்னும் ஏத்துக்கிற கட்டத்துக்கு வரலை, எனக்கு என்னமோ கோளாறு" என்று மக்களே தங்களைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள்.

எனக்கு நடைமுறையில் கைகொடுப்பது ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு துக்க ஆய்வாளர்கள் 1999-ல் சொன்னது. துக்கத்தில் இருப்பவர் ஒரு பொழுது இழப்பின் பக்கம் சாய்கிறார், அழுகிறார், போட்டோவைப் பார்க்கிறார். இன்னொரு பொழுது வங்கிக் கணக்கு, பிள்ளையின் பரீட்சை என்று வாழ்க்கையின் பக்கம் திரும்புகிறார். மாறி மாறிப் போய் வருவதுதான் இயல்பு. ஒரே பக்கத்தில் உறைந்து நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அந்த அம்மாவிடம், கோபம் யார்மேல் என்று கேட்டீர்களா? என் அனுபவத்தில் பாதி நேரம் அது மருத்துவமனைமேல் இருக்கும், காரணத்தோடும் இருக்கும்.

மனைவி போய் ஏழு மாதம். இன்னமும் அவள் நம்பருக்கு போன் போட்டுப் பார்க்கிறேன். எனக்குப் பைத்தியமா?

இல்லை, ஐயா. இறந்தவரோடு பேசுவது, அவர் குரல் கேட்டது போல் இருப்பது, அவர் சட்டையையோ புடவையையோ எடுத்து வைத்துக்கொள்வது எல்லாம் மிகச் சாதாரணம். உறவை அறுத்துக்கொண்டால்தான் தேற முடியும் என்ற பழைய எண்ணத்தைத் துறையில் இருப்பவர்களே 1990-களில் கேள்வி கேட்டுவிட்டார்கள்.

நீடித்த துயரக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 அதற்குக் குறைந்தது ஆறு மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-ல் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்தது. காலண்டரை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. ஏக்கம் தினமும் அதே கடுமையோடு நின்று, வேலை, தூக்கம், மனிதர்கள் எல்லாம் கைவிட்டுப் போயிருந்தால்தான் அந்தப் பேச்சு. போன் போட்ட பிறகு வேலைக்குப் போகிறீர்களா, யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா? ஆம் என்றால் போடுங்கள். இல்லை என்றாலோ, நானும் போய்விட வேண்டும் என்று தோன்றினாலோ, இன்றே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஆறு வயதுக் குழந்தையிடம் பாட்டி இறந்ததை எப்படிச் சொல்வது?

"செத்துப்போயிட்டாங்க" என்ற சொல்லையே சொல்லுங்கள். "தூங்குறாங்க" என்றால் குழந்தை தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வலிக்காது, பசிக்காது, திரும்பி வரமாட்டார் என்று சொல்லலாம். அந்த வயதில் "நான் கோபமா பேசினதாலதான் செத்துட்டாங்களோ" என்று உள்ளுக்குள் ஓடும். கேட்காவிட்டாலும், "உன்னால இல்லை" என்று நீங்களாகச் சொல்லிவிடுங்கள். அழுதுவிட்டு ஐந்து நிமிடத்தில் விளையாடப் போனால் பாசமில்லை என்று அர்த்தமில்லை.

"சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா தேவலை" என்று நோயாளி சொன்னால்?

"அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயடைக்காதீர்கள். "ஏன் அப்படித் தோணுது, சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுங்கள். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, ஆன்மிகம் எல்லாம் கலந்ததைத்தான் முழுமையான வலி என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் அடங்காத எலும்பு வலி இருக்கலாம், "பிள்ளைகளுக்குப் பாரமாயிட்டேன்" இருக்கலாம், சாவுக்கு ஆயத்தமாகிவிட்ட நிதானமும் இருக்கலாம். வலி என்றால் உடனே டாக்டரிடம் போங்கள், கவுன்சிலிங்கால் எலும்பு வலி போகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறது என்றால் டீமிடம் மறைக்கக் கூடாது, அதை அவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

அம்மா போய் ஆறு மாதம் ஆகிறது. அவருக்குச் செய்தவர்களைப் பார்த்து எனக்கும் இந்த வேலைக்கு வர ஆசை. வரலாமா?

வரலாம், இப்போது வேண்டாம். சைக்காலஜி அல்லது சமூகப் பணி படிப்பில் சேருங்கள், அதற்குள் காலம் ஓடிவிடும். இப்போதே வார்டுக்கு வந்தால் ஒவ்வொரு கட்டிலிலும் உங்கள் அம்மாவைத்தான் பார்ப்பீர்கள். வேலைக்குச் சேரும்போது சம்பளத்துக்கு முன்னால் சூப்பர்விஷன் உண்டா என்று கேளுங்கள். மூத்த கவுன்சிலர் ஒருவரிடம் வாரந்தோறும் உட்கார்ந்து பேச ஏற்பாடு இல்லாத இடத்தில் நல்லவர்கள்தான் முதலில் நொறுங்குகிறார்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் பரவாயில்லை. நோயாளி உங்களைத் தேற்ற ஆரம்பித்தால் வெளியே வந்துவிடுங்கள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கூட சேர்ந்து பிரார்த்தனை செய்யச் சொன்னால்?

"நீங்க சொல்லுங்க, நான் கூட இருக்கேன்." அவ்வளவுதான். உங்கள் நம்பிக்கையை அங்கே யாரும் விசாரிக்கவில்லை.

குடும்பத்தாருக்குச் சொந்த போன் நம்பர் கொடுக்கலாமா அக்கா?

கூடாது. பிரிவின் நம்பரைக் கொடுங்கள். நடுராத்திரி மூச்சு திணறினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது மருந்து தெரிந்த ஆள், நாம் இல்லை.