எறியும் கையும் முழங்கைத் தசைநாரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போட்டிக் காலம் நெருங்கும்போதெல்லாம் முழங்கையைப் பற்றிய கடிதங்கள் கூடிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஈட்டி எறிபவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு வயது 22, ஈட்டி எறிகிறேன். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் முழங்கையின் உட்புறத் தசைநாரில் பகுதிக் கிழிசல் என்று எழுதியிருக்கிறார்கள். உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டுமா? (அம்பத்தூர்)

வேண்டாம். ஸ்கேன் படத்துக்கு அறுவை சிகிச்சை செய்வதில்லை, கைக்குத்தான் செய்கிறோம். பல ஆண்டுகள் எறிந்த கையைப் படமெடுத்தால், எலும்பை எலும்போடு பிணைக்கும் அந்தத் தசைநார் வலியே இல்லாதவர்களிடமும் தடித்தோ சிதைந்தோ தெரிவதுண்டு. மருத்துவர் கையை மடக்கி நீட்டியபடியே வெளிப்பக்கமாக விசை கொடுத்துச் சோதிக்கும்போது, நீங்கள் எறியும்போது வலிக்கும் அதே இடத்தில் வலி வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். பகுதிக் கிழிசல் என்றால் ஆறு வாரங்களாவது எறிவதை முழுமையாக நிறுத்திவிட்டு, முன்கையின் உட்புறத் தசைகளையும் தோள்பட்டையையும் வலுப்படுத்திய பிறகு படிப்படியாக எறிந்து பாருங்கள். மூன்று மாதங்கள் ஒழுங்காக முயன்றும் முழு வேகத்தில் எறிய முடியவில்லை என்றால் அப்போது அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். பி.ஆர்.பி. ஊசியால், அதாவது நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுக்கள் செறிந்த திரவத்தை ஊசியாகப் போடுவதால், சிலர் தேறுகிறார்கள், சிலருக்கு மாற்றம் தெரிவதில்லை. ஸ்டீராய்டு ஊசியை மட்டும் அந்தத் தசைநாரில் போட்டுக்கொள்ளாதீர்கள். வலி மறையும், நார் மேலும் நலியும்.

தசைநாரைப் புதிதாக அமைக்க மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை எடுப்பார்களாமே, எனக்கு அது இரண்டு கைகளிலும் இல்லை என்கிறார் பிசியோதெரபிஸ்ட். (வியாசர்பாடி)

கவலை வேண்டாம். தசைநாண் என்பது தசையை எலும்போடு இணைப்பது. பால்மாரிஸ் லாங்கஸ் என்ற அந்தத் தசைநாண் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு இருப்பதில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் புடைத்து நிற்பது அதுதான். அது இல்லாதவர்களுக்குத் தொடையின் உட்புறத்திலிருந்து கிராசிலிஸ் தசைநாணை எடுத்துப் பொருத்துவார்கள்.

முழங்கை வலிக்கிறது, நல்ல மருந்து சொல்லவும். (ஊர் குறிப்பிடவில்லை)

வயது என்ன, எந்தக் கை, உட்புறமா வெளிப்புறமா, எந்த விளையாட்டு, எத்தனை நாட்களாக வலி என்று ஒன்றுமே எழுதாமல் மருந்து கேட்டால் என்னால் சொல்ல இயலாது. வலிக்கும் கையோடு எறியாதீர்கள் என்பதை மட்டும் உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

என் மகனுக்கு 15 வயது. முழங்கையில் இலேசான வலி இருக்கிறது. நீரஜ் சோப்ரா முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகுதான் ஒலிம்பிக் தங்கம் வென்றார், அதுபோல இப்போதே செய்துவிட்டால் எறியும் தூரம் கூடும் என்று பயிற்சியாளர் சொல்கிறார். செய்யலாமா? (மேடவாக்கம்)

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுவது எத்தனையாவது முறை என்று நினைவில்லை. இன்னும் எத்தனை முறை கேட்டாலும் எழுதுவேன், ஏனென்றால் இதில் பாதிக்கப்படுவது ஒரு சிறுவனின் கை.

முதலில், நீரஜ் சோப்ராவுக்கு 2019 மே மாதம் மும்பையில் நடந்தது தசைநார் மறுசீரமைப்பு, அதாவது அறுந்த தசைநாருக்குப் பதிலாக வேறொரு தசைநாணைப் பொருத்தும் சிகிச்சை, அன்று. மூட்டுக்குள் தளர்ந்து கிடந்த எலும்புத் துணுக்குகளை நுண்துளை வழியாக அகற்றினார்கள். 2020 ஜனவரியில் அவர் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தசைநாரையே மாற்றியிருந்தால் எட்டு மாதங்களில் அப்படி எறிந்திருப்பது அரிது.

இரண்டாவதாக, தசைநார் மறுசீரமைப்பை 1974 செப்டம்பரில் முதன்முதலாகச் செய்தவர் ஃபிராங்க் ஜோப், செய்துகொண்டவர் டாமி ஜான் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரர். அவர் தேறி வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புத்தான் என்று மருத்துவர் கருதினார். 1975 முழுவதும் அவர் ஆடவில்லை. 1976இல் திரும்பி வந்து 1989 வரை பந்து வீசினார், தம் 288 வெற்றிகளில் 164ஐ அதற்குப் பிறகே பெற்றார். இக்கதையைக் கேட்பவர்கள் அறுவை சிகிச்சைதான் கைக்கு வலுக் கொடுத்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள், அமெரிக்கப் பெற்றோரிடமும் இந்த நம்பிக்கை பரவியிருக்கிறது. அறுந்த நாருக்குப் பதிலாக இன்னொன்றை வைத்து, பழைய நிலைக்குக் கொண்டுவர முயல்வதுதான் இந்தச் சிகிச்சை. சிலர் முன்பைவிட நன்றாக எறிகிறார்கள் என்றால், அதற்கு முன் ஒருநாளும் ஒழுங்காகச் செய்யாத கால், இடுப்பு, தோள் பயிற்சிகளை ஓராண்டு முழுக்கச் செய்திருப்பார்கள். அந்தப் பயிற்சியைக் கத்தி இல்லாமலே செய்யலாம். முறையாகச் செய்தும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பழைய நிலையை எட்டுவதில்லை என்பதையும் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, 15 வயதில் முழங்கையின் உட்புற எலும்பு முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி, பெரும்பாலும் இன்னும் மூடியிருக்காது. அந்த வயதில் தசைநாரைவிட நலிந்தது அந்தத் தட்டுதான், இழுப்பு அங்கேதான் விழுகிறது. ஆகவே முதலில் இரண்டு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தட்டு விலகாமல் எரிச்சல் மட்டும் இருந்தால் சில வாரங்கள் எறியாமல் இருந்தாலே பெரும்பாலும் தேறிவிடும். வலி மாத்திரை கொடுத்து எறிய வைப்பதுதான் ஆபத்து. வலிக்கும் கையோடு எறிய விடாதீர்கள்.

சச்சினுக்கு வந்த டென்னிஸ் எல்போவும் இதுவும் ஒன்றா? (தி.நகர்)

இல்லை. அது முழங்கையின் வெளிப்புறத்தில் தசைநாண் நலிவது, இது உட்புறத்தில் தசைநார் கிழிவது.

அறுவை சிகிச்சைக்குப் பயந்து புத்தூர் கட்டு போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். (பெரம்பூர்)

கிழிந்த தசைநாரைக் கட்டு இணைக்காது. அதோடு, வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் முழங்கை மற்ற மூட்டுகளைவிட விரைவில் இறுகிவிடும், பிறகு அதை நீட்டவே மாதங்கள் ஆகும்.

தசைநார் மறுசீரமைப்பு முடிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வலியே இல்லை. அடுத்த மாதம் தேர்வுப் போட்டி, கலந்துகொள்ளலாமா? (தாம்பரம்)

கூடாது. வலி போய்விட்டது என்பதற்கு நார் முற்றிவிட்டது என்று பொருள் இல்லை. பொருத்திய தசைநாண் முதலில் நலிவடைந்து, பிறகு இரத்த ஓட்டம் பெற்று, மெல்ல மெல்லத்தான் தசைநாராக மாறுகிறது. நீங்கள் இருப்பது இலேசான பந்தைக் குறைந்த தூரத்துக்கு எறிந்து பழகும் கட்டம். அதற்கும் மருத்துவரும் பிசியோவும் ஒப்புக்கொள்ள வேண்டும். போட்டி என்பது ஓராண்டுக்குப் பிறகுதான், சிலருக்கு ஒன்றரை ஆண்டும் ஆகும். 800 கிராம் ஈட்டியை முழு ஓட்டத்தில் எறியும் விசையை இப்போது அந்த நார் தாங்காது. பொருத்தியது அறுந்தால் மறுமுறை செய்யலாம், ஆனால் பலன் முதல் முறையைப்போல இருப்பதில்லை.

எறிந்து முடித்ததும் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன. (அண்ணா நகர்)

முழங்கையின் உட்புறம் ஓடும் அல்னார் நரம்பு இழுபடுகிறது அல்லது நெருக்கப்படுகிறது. கழுத்திலிருந்தும் இது வரலாம் என்பதால் சோதித்துத்தான் சொல்ல முடியும். கைப்பிடி தளர்ந்தாலோ கையின் சதை மெலிந்தாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பரிசோதிக்கும்வரை எறிய வேண்டாம்.