வலித்தாலும் கத்தாத குதிரை: வடசென்னைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளையைச் சுமந்து வந்த வெள்ளைக் குதிரை சரவெடிச் சத்தத்தில் மிரண்டு, தார் ரோட்டில் கால் வழுக்கி விழுந்துவிட்டது. மாப்பிள்ளைக்குச் சிராய்ப்புதான். குதிரைக்கு முன்னங்கால் முட்டியில் தோல் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. அதை எழுப்பிவிடப் போனவர்களில் நானும் ஒருவன். முப்பது வருஷம் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்தவன், அதுவும் ஜட்கா என்ற குதிரை வண்டி ஓட்டியவரின் பேரன் என்பதால், மறுநாளே அக்கம்பக்கத்தில் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தெரிந்தவரைக்கும் இங்கே பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. சிகிச்சைக்கு டாக்டரிடம்தான் போக வேண்டும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா: அன்றைக்கு நானும் பார்த்தேன். அவ்வளவு அடிபட்டும் அந்தக் குதிரை ஒரு சத்தம்கூடப் போடவில்லையே. அதுக்கு வலிக்காதா?

வலிக்கும் அம்மா, நமக்கு வலிக்கிற மாதிரியே வலிக்கும். நாய்க்கு அடிபட்டால் தெருவே கேட்கும்படி ஊளையிடும். குதிரை அப்படி இல்லை. அது புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக இருந்து வந்த ஜாதி. அடிபட்டதைக் காட்டிக்கொண்டால் துரத்துகிற மிருகம் அதைத்தான் முதலில் குறிவைக்கும். அதனால் வலியை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். குதிரை படும் பாட்டுக்கெல்லாம் மூலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கத்தாததால் அதுக்கு ஒன்றும் இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அன்றைக்கு நான் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். காது இரண்டும் பின்னால் சாய்ந்து விறைத்திருந்தன. கண்ணுக்கு மேலே தோல் சுருங்கி, வட்டமான கண் முக்கோணம் மாதிரி ஆகியிருந்தது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. தாடை இறுகிப்போய், கன்னத்துச் சதை கயிறு முறுக்கிய மாதிரி நின்றது. அதைப் பார்த்தவர்களுக்கு அது கத்தியது கேட்டிருக்கும்.

தண்டையார்பேட்டை கல்லூரி மாணவி: "கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்" என்று எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வார். குதிரை அவ்வளவு சோம்பேறியா?

என் வீட்டிலும் இந்தப் பழமொழி உண்டு தங்கச்சி. வேலைக்குக் கள்ளத்தனம் பண்ணுகிற பிள்ளைகளைத் திட்டச் சொல்வது. ஆனால் குதிரையின் வாயைத் திறந்து பார்த்தவர்கள் இதை வேறு மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள்.

குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. கடிவாளத்து இரும்பு உட்காருவது அங்கேதான். அங்கே தாடை எலும்புக்கு மேலே மெல்லிய ஈறுதான் மூடியிருக்கும். நம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் கட்டில் கால் இடித்தால் உயிர் போகிற மாதிரி இருக்குமே, கிட்டத்தட்ட அப்படிப்பட்ட இடம். பழகின கை லேசாகப் பிடித்தால் தொந்தரவு இல்லை. கூட்டத்தில் பயந்துபோன ஆள் ஒரு சுண்டு சுண்டினால் ஈறு கிழியும்.

அதிலும் முள் கடிவாளம் என்று ஒன்று இருக்கிறது. வாய்க்குள் போகிற இரும்பில் சின்னச் சின்னக் கூர்முனைகள். ஊர்வலக் குதிரைகளுக்கு இன்னமும் சிலர் மாட்டுகிறார்கள். பாட்டுக்கு ஏற்றபடி குதிரை தலையைத் தூக்கித் தூக்கி "ஆடுகிறது" என்று கைதட்டுகிறோமே, அதில் பாதி வாய்வலி. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் குதிரையின் நாக்கைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு ஓரமும் ஆறிப்போன தழும்புகள், நடுவில் புதுப் புண், அதில் ஊறின கொள்ளுத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாயைத் திற, கடிவாளம் போடணும் என்றால் எந்தப் பிராணி திறக்கும்? முள் வைத்த கடிவாளத்தையும் சேணத்தையும் 1965-ஆம் வருஷத்து மத்திய அரசு விதிகளே தடை செய்கின்றன. பாட்டியிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

ராயபுரத்திலிருந்து ஒரு பெரியவர்: எங்கள் காலத்தில் ரயிலை விட்டு இறங்கினால் ஜட்காதான். அப்போது யாரும் இப்படிப் பேசவில்லையே தம்பி?

உண்மைதான் ஐயா. என் தாத்தா சென்ட்ரலிலிருந்து ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் சவாரி அடித்தவர். அவர் கையிலும் சாட்டை இருந்தது, அடித்தும் இருக்கிறார். மறைக்க மாட்டேன். ஆனால் யானைக்கவுனி பாலம் ஏறும்போது சவாரியை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டு, தானும் இறங்கிச் சக்கரத்தைத் தள்ளுவார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ராத்திரி தனக்குச் சோறு வைக்கும் முன்னால் குதிரைக்குக் கொள்ளு வேகவைத்தாக வேண்டும். அந்தக் குதிரை இருந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்பதால், அதன் மேல் ஒரு கண் எப்போதும் இருந்தது. இன்றைக்குப் பல குதிரைகள் நாள் வாடகைக்குக் கைமாறுகின்றன. ஓட்டுகிறவன் ஒருவன், சொந்தக்காரன் ஒருவன். புண் யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

அந்தக் காலத்திலும் பேசியவர்கள் இருந்தார்கள். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் ராஜ்யசபாவுக்குப் போனதும் கையில் எடுத்த விஷயங்களில் மிருகவதைத் தடுப்பு முக்கியமானது. அவர் கொண்டுபோன மசோதாதான் 1960-இல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவிட்டது. 1962-இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவர்தான். அந்த வாரியம் பல வருஷம் நம் சென்னையில்தான் இயங்கியது.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, விடியற்காலையில் ரோட்டில் குதிரை வண்டிப் பந்தயம் விடுகிறோம். குதிரை ஓடப் பிறந்தது, ஓட விட்டால் தப்பா?

கேட்டதற்கு நன்றி தம்பி. கோபப்படாமல் கடைசி வரை படி.

ஓடப் பிறந்ததுதான், மண்ணில். குதிரைக்கு ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரல்தான் தரையைத் தொடுகிறது. அதன் நகம்தான் குளம்பு. முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது, எலும்பும் தசைநாரும்தான். வேகமாகப் போகையில் ஒரு கட்டத்தில் மொத்த உடம்பும் ஒற்றைக் காலில் இறங்கும். மண் அந்த அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். தார் ரோடும் கான்கிரீட்டும் வாங்காது, அப்படியே திருப்பி அடிக்கும். இரும்பு லாடம் தாரில் வழுக்கும் என்பது உனக்கே தெரியும்.

இன்னொன்று, குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது. மூக்கு ஒன்றுதான் வழி. இரண்டு பக்கமும் பைக்கில் வந்து, ஹாரன் அடித்து, புகையை அதன் முகத்துக்கு நேராக விட்டுக்கொண்டு வருகிறீர்களே, ஓட்டத்தின் உச்சத்தில் அது இழுக்கிறதெல்லாம் அந்தப் புகைதான். உன் குதிரை ஜெயிக்க ஓடவில்லை தம்பி. பின்னால் ஏதோ துரத்துகிறது என்று பயந்து ஓடுகிறது. பந்தயம் முடிந்தும் அரைமணி நேரம் தொடை நடுங்குகிறதா என்று தொட்டுப் பார்.

பொது ரோட்டில் இப்படி ஓட்டினால் போக்குவரத்து வழக்கு வரும், வதைச் சட்டத்திலும் வழக்கு வரும். கால் முறிந்தால் அதோடு முடிந்தது. இவ்வளவு எடையைத் தாங்கும் கால் எலும்பு கூடுவது ரொம்பக் கஷ்டம், பெரும்பாலும் கருணைக்கொலைதான். குதிரை மேல் ஆசை இருக்கிறதால்தானே இதில் இறங்கினாய்? காலையில் மண் தரையில் நடக்கவிடு, தேய்த்துக் குளிப்பாட்டு. அந்த ஆசைக்கு அது போதும்.

பெரம்பூரிலிருந்து ஒருவர்: கிண்டி ரேஸ் மட்டும் சரியா?

பணக்காரன் சவுக்கு வலிக்காது என்று யாரும் சொல்லவில்லை. அங்கே டாக்டரும் புல்தரையும் உண்டு, அந்த வித்தியாசம் உண்மை. பந்தயத்துக்காகச் சவுக்கடி வேண்டாம் என்பதே என் கருத்து, கிண்டியானாலும் சரி, ரோடானாலும் சரி.

மூலக்கொத்தளத்திலிருந்து ஒரு குதிரைக்காரர்: எனக்கு இரண்டு குதிரை. பீச்சு சவாரி, கல்யாணம், இதுதான் பிழைப்பு. எல்லோரும் எங்களையே திட்டினால் நாங்கள் எங்கே போவது?

நியாயமான கேள்வி அண்ணே. நானும் அதே கொட்டடி வாசனையில் வளர்ந்தவன்தான். மும்பையில் 2015-இல் விக்டோரியா என்ற குதிரை வண்டிகள் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது, ஓட்டுகிற குடும்பங்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் போடச் சொல்லி அரசுக்கும் உத்தரவிட்டது. குதிரையைக் காப்பாற்றுகிற பேச்சில் குதிரைக்காரரின் சோறும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

அதுவரை உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். தண்ணீர்தான் முதலில். வேலை செய்கிற குதிரை நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது லிட்டர்கூடக் குடிக்கும். வழியில் மூத்திரம் போகும் என்று பகலில் தண்ணீர் காட்டாமல் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பெரிய பாவம், குடல் காய்ந்து வயிற்றுவலியில் கொண்டுபோய்விடும். வியர்வையில் உப்பும் போவதால் தீவனத்தில் ஒரு கைப்பிடி உப்பு சேருங்கள். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் கழற்றிக் குளம்பு சீவ வேண்டும். காசு மிச்சம் பிடிக்க மூன்று மாதம் விட்டால் நடையே கோணிப்போகும். டெட்டனஸ் ஊசி தவறவே கூடாது. ஒரு துரு ஆணி போதும், குதிரைக்கு அந்த நோய் அவ்வளவு சுலபமாகத் தொற்றும்.

1965 விதிகள் சொல்வது இது: நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. தொடர்ச்சியாக 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. சித்திரை வைகாசியில் நம் ஊருக்கு இது பல நாள் பொருந்தும். சேணத்துக்குக் கீழே புண் இருந்தால், ஆறும்வரை வேலை இல்லை. அந்த நாலு நாள் வாடகை போனால் போகட்டும், உள்ளே சீழ் வைத்தால் குதிரையே போய்விடும்.

சௌகார்பேட்டையிலிருந்து: எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை குதிரை ஏறியாக வேண்டும். என்ன செய்யலாம்?

அலங்கரித்த காரில் போகிற குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருக்கின்றன. பெரியவர்கள் கேட்கவே மாட்டேன் என்றால், மண்டப வாசலில் நாலு அடிக்கு மட்டும் ஏற்றி இறக்குங்கள். குதிரை பக்கத்தில் வெடி வேண்டாம், முள் கடிவாளம் இருந்தால் அந்தக் குதிரையே வேண்டாம். முன்பணம் கொடுக்கும்போதே வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

புளியந்தோப்பிலிருந்து: வயசான குதிரை ஒன்று குப்பைத்தொட்டி ஓரமாகத் திரிகிறது. மிச்சச் சோறு போடலாமா?

போடாதீர்கள். நல்ல மனசில் செய்வதே அதைக் கொன்றுவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. சோறு, பிரெட், பிரியாணி எதுவானாலும் வயிற்றில் புளித்து உப்பினால் வெளியே வர வழி இல்லை. குளம்புக்கு உள்ளேயும் வீக்கம் வந்து நடக்க முடியாமல் போகும். புல்லும் தண்ணீரும் வையுங்கள், 1962-க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் கால்நடை ஆம்புலன்ஸ் எண். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெரிய பிராணிகளுக்கும் சிகிச்சை உண்டு. உழைப்பு தீர்ந்ததும் பட்டினி கிடக்கும்படி தெருவில் விடுவது சட்டப்படி குற்றம்.

திருவொற்றியூரிலிருந்து: குற்றம் என்றால் என்ன தண்டனை?

சொல்லவே வருத்தமாக இருக்கிறது. 1960 சட்டத்தில் முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். ஒரு டீயும் பஜ்ஜியும் சாப்பிடுகிற காசு. மூன்று வருஷத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை. அன்றைக்கு 50 ரூபாய் பெரிய தொகை. அதை இன்றுவரை மாற்றாமல் வைத்திருப்பது நம் வெட்கக்கேடு.

ஆனாலும் புகார் வீண் என்று நினைக்காதீர்கள். கான்ஸ்டபிளுக்கு மேல் பதவியில் உள்ள போலீஸ் அதிகாரி, வதை நடந்திருப்பதாக நம்பினால் பிராணியைக் கைப்பற்றி கால்நடை டாக்டரிடம் காட்டலாம். அபராதத்தைவிட இதுதான் குதிரைக்குப் பிரயோஜனம். பிராணியைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. புண், குளம்பு, வாய், வண்டிப் பாரம் இவை தெளிவாகத் தெரிகிற மாதிரி, இடமும் நேரமும் சேர்த்து வீடியோ எடுங்கள். ஓட்டுகிறவரோடு சண்டைக்குப் போக வேண்டாம், அந்தக் கோபம் குதிரை முதுகில்தான் விழும்.

காசிமேட்டிலிருந்து ஆறாவது படிக்கும் பையன்: குதிரையைத் தொட எனக்கு ஆசை. கடிக்குமா?

பயப்படுத்தினால் கடிக்கும், உதைக்கவும் செய்யும் கண்ணு. சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுப் போ. பின்பக்கமாகப் போகாதே, நேர் பின்னால் இருப்பது அதுக்குத் தெரியாது. நேர் நெற்றிக்கும் கையை நீட்டாதே. பக்கவாட்டில் வந்து, மெதுவாகப் பேசிக்கொண்டே, கழுத்துக்குக் கீழே தோள்பட்டையில் உள்ளங்கையை வை. உடனே எடுத்துவிடாதே. கொஞ்ச நேரத்தில் அது பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தும். அப்புறம் சொறிந்துவிடு.