முதலில் வெந்நீர், அப்புறம்தான் எண்ணெய்: வாசகர் கேள்வி பதில்

கடையம் வாசகர்: தாத்தா காலத்து ஒற்றைக்குழல் கருமருந்துத் துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸை என் பெயருக்கு மாற்றி வைத்திருக்கிறேன். பிசானத்தில் கதிர் முற்றும் நேரம் பன்றியை விரட்ட வெறும் வேட்டுப் போடுவதோடு சரி. தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது மண்ணெண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்துத்தான் கொடுத்தேன். திரும்ப வாங்கினால் குழலுக்குள் செக்கச்செவேலென்று துரு. ஈரத்தில் போட்டுவிட்டார்களோ?

ஸ்டேஷன்காரர்களைத் திட்டுவதற்கு முன்னால் அந்த மண்ணெண்ணெய்யைத் திட்டுங்கள். கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி. நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்புதான். அது எரிந்தால் முழுக்கப் புகையாகிப் போய்விடும் என்று நினைக்கிறோம், ஆனால் எடைக்கணக்கில் பாதிக்கும் மேலே திடப்பொருளாகத்தான் மிஞ்சும். பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், கொஞ்சம் சல்பைடு (சுட்டு முடித்ததும் குழலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அதற்குக் காரணம் இந்த சல்பைடுதான்). இதில் கார்பனேட் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைத்துவிடும். குண்டு போடாத வெறும் வேட்டுதானே என்று விட முடியாது, மருந்து எரிந்தால் உப்பு உண்டு. அந்த உப்பை மண்ணெண்ணெய் கரைக்காது. மேலே இருந்த கரியை வழித்து உங்களுக்குப் பளபளப்பைக் காட்டிவிட்டு, அடியில் உப்பை அப்படியே விட்டுவிட்டது. இரண்டு மாதம் வீட்டில் இருந்திருந்தாலும் இதே துருதான்.

உப்பைக் கரைப்பது தண்ணீர். துப்பாக்கியில் தண்ணீரா என்று பதறுகிறவர்கள் நிறைய பேர், அந்தப் பதற்றம்தான் பழைய குழல்களை அரித்துத் தின்கிறது. நமக்கு எண்ணெய் தேய்த்த பிறகு வெந்நீர், இதற்கு வெந்நீர் ஊற்றிய பிறகு எண்ணெய், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் உள்ளே மருந்து இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள் (எப்படி என்று பாளையங்கோட்டைக்காரருக்குக் கீழே சொல்லியிருக்கிறேன்). கட்டையிலிருந்து குழலைக் கழற்றி, கேப் (அடித்தால் பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி) மாட்டுகிற நிப்பிளையும் அதற்குரிய சாவியால் கழற்றி, அடிப்பக்கத்தை ஒரு வாளி வெந்நீரில் நிறுத்துங்கள். தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு போதும். கம்பி நுனியில் துணி சுற்றி மேலும் கீழும் இழுத்தால், பீச்சாங்குழல் மாதிரி தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சி மறுபடி தள்ளும். முதல் வாளி மை மாதிரி கறுக்கும், தெளியும்வரை தண்ணீரை மாற்றுங்கள். நிப்பிள் துருப்பிடித்து அசையவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். நிப்பிள் மேல் ஒரு ரப்பர் குழாயை மாட்டி மறுமுனையை வாளியில் போட்டாலும் வேலை நடக்கும்.

அப்புறம் உலர்த்துவது, இதில்தான் பலரும் அவசரப்படுவார்கள். வெந்நீரின் சூட்டிலேயே இரும்பு பாதி உலர்ந்துவிடும், ஆனால் துடைக்காமல் விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லிய செந்துரு பூக்கும். துணி உலர்ந்து வெள்ளையாக வெளியே வரும்வரை துடையுங்கள். உடனே எண்ணெய். மறுநாள் வெள்ளைத்துணியை ஒரு முறை விட்டுப் பாருங்கள், பழுப்பாக வந்தால் உப்பு இன்னும் பாக்கி இருக்கிறது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வள்ளியூர் வாசகர்: மகளைப் பார்க்க டெக்சாஸ் போயிருந்தேன். மருமகன் 1858 ரெமிங்டன் மாதிரியில் செய்த கருமருந்து ரிவால்வர் வைத்திருக்கிறார். இரண்டு சுற்று சுட்டதும் சிலிண்டர் சுற்ற மறுக்கிறது. விலை கூடிய மெஷின் ஆயில்தான் போடுகிறேன் என்கிறார் மாப்பிள்ளை.

விலை கூடியதுதான், ஆனால் ஆள் மாறிவிட்டது. பெட்ரோலிய எண்ணெய் கருமருந்துக் கசடோடு சேர்ந்து சூடானால் தார் மாதிரி இறுகிவிடும். தாவர எண்ணெய்யோ விலங்குக் கொழுப்போ சேர்ந்தால் கசடு மெத்தென்றே இருக்கும், துடைத்தால் வந்துவிடும்.

ரெமிங்டனுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் ஒவ்வொரு வெடிக்கும் புகை பீறிடும், அது நேராகச் சிலிண்டர் சுற்றுகிற அச்சில்போய் அப்பும். அந்தக் காலத்து இன்னொரு ரிவால்வரான 1851 கோல்ட் நேவியில் அச்சு தடிமன், மசகு தங்குவதற்கு அதில் வரிவரியாகக் காடி வெட்டியிருப்பார்கள். ரெமிங்டன் அச்சு ஒல்லி. ஆனால் சிலிண்டரைக் கழற்றுவது ரெமிங்டனில் சுலபம், குழலுக்குக் கீழே உள்ள நெம்புகோலைக் கொஞ்சம் இறக்கி அச்சை முன்னால் இழுத்தால் சிலிண்டர் கையோடு வரும். ஆறு அறையும் சுட்டு முடித்ததும் கழற்றி, ஈரத்துணியால் அச்சையும் சிலிண்டர் முகத்தையும் துடைத்து, கொழுப்பு மசகு தடவிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். அதற்குமேலும் இறுகினால் என்னைக் கேளுங்கள்.

குண்டுக்கு மேலேயோ, குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வைக்கும் கம்பளித் துண்டிலோ மசகு போடச் சொல்வார்கள். கசடு இளகுவதற்கும் அது உதவும், ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவாமல் இருப்பதற்கும் உதவும். தீ தாவாமல் இருக்க அதைவிட முக்கியம், அறையைவிடக் குண்டு துளி பெரிதாக இருந்து, அழுத்தும்போது ஈய வளையம் ஒன்று சீவிக்கொண்டு வர வேண்டும். நிப்பிளில் கேப் இறுக்கமாக உட்கார வேண்டும்.

மாப்பிள்ளை கருமருந்துக்குப் பதிலாக பைரோடெக்ஸ் போடுகிறாரா என்றும் கேளுங்கள். அதில் பெர்குளோரேட் இருக்கிறது, எரிந்தால் குளோரைடு மிஞ்சும். இரும்புக்கு அது இன்னும் பெரிய எமன், அன்றைக்கே கழுவியாக வேண்டும்.

தென்காசி வாசகி: செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் போடலாமா?

சுடுகிற அன்றைக்குப் போடலாம், மாதக்கணக்கில் வைப்பதற்கு வேண்டாம், மெல்லிசாகப் பூசினால் நாள்பட நாள்படக் காற்றில் பிசினாகிவிடும். விளக்கெண்ணெய் அப்படிக் காயாது. பாபநாசம் மலைப் பக்கம் கிடைக்கிற தேன்மெழுகை இளஞ்சூட்டில் உருக்கி அதோடு கலந்தால் நல்ல மசகு. தேங்காய் எண்ணெய்யும் சரிதான், உங்கள் ஊர்ச் சாரல் காலத்தில் உறைந்தால் பயப்பட வேண்டாம். நன்றாகக் கழுவி உலர்த்திய துப்பாக்கியை நீண்டநாள் வைக்க சாதாரணத் துப்பாக்கி எண்ணெய்யே போதும், மறுபடி சுடும் முன் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். 1857-இல் என்ஃபீல்டு தோட்டாவில் பசுக்கொழுப்பா பன்றிக்கொழுப்பா என்று சிப்பாய்கள் கொதித்தார்களே, அந்தக் காலத்தில் கொழுப்பைத் தேடிப் போனதற்குக் காரணமும் இந்தக் கருமருந்துதான்.

திசையன்விளை வாசகர்: எங்கள் போர் தண்ணீர் உப்பு. பரவாயில்லையா?

முதல் கழுவலுக்குப் பரவாயில்லை. கடைசி அலசல் மட்டும் மழைத்தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ இருக்கட்டும். ஓர் உப்பை எடுத்துவிட்டு இன்னோர் உப்பை வைத்து என்ன லாபம்?

பாளையங்கோட்டை வாசகர்: பழைய வீட்டை இடிக்கும்போது மச்சில் துருப்பிடித்த கருமருந்துத் துப்பாக்கி கிடைத்தது. லைசென்ஸ் எதுவும் இல்லை. சுத்தம் பண்ணி வரவேற்பறையில் மாட்டலாமா?

மாட்டாதீர்கள். அமெரிக்காவில் இந்த மாதிரித் துப்பாக்கி மத்தியச் சட்டத்தில் துப்பாக்கிக் கணக்கிலேயே வராது, அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். இங்கே 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு தருகிற விலக்கு, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டும்தான். சுட முடியுமா முடியாதா என்பதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது.

அதைவிட அவசரமான விஷயம், அதில் மருந்து இன்னும் இருக்கலாம். ஈரம் படாத கருமருந்து எத்தனை வருஷமானாலும் வெடிக்கும். நிப்பிளில் கேப் இருந்தால் அதை நோண்டாதீர்கள், கேப்பை அடிக்கிற துப்பாக்கிச் சுத்தியலைத் தூக்காதீர்கள். கடையம்காரர் மாதிரி பழக்கமுள்ளவர்கள் குழல் வாய்க்கு நேரே நிற்காமல், மரக்குச்சி ஒன்றை உள்ளே முட்டும்வரை மெதுவாக விட்டு, வாயருகே அடையாளம் போட்டு, அதே குச்சியைக் குழலின் வெளியே வைத்துப் பார்ப்பார்கள். குச்சி நிப்பிள் இருக்கும் இடம்வரை எட்டினால் காலி, நாலு விரல் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. உங்களுக்கு அந்த வேலையும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாமல், ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி அவர்களையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் கட்டைப்பையில் போட்டு நீங்களே கொண்டு போகாதீர்கள்.