பழைய மரப்பாலங்களில் ட்ரஸ் என்பது என்ன, ஏன் அத்தனை குறுக்குப் பலகைகள்?

மரத்துண்டுகளை முக்கோணம் முக்கோணமாகக் கோத்த சட்டகம்தான் ட்ரஸ். நாலு மூலைச் சட்டத்தைத் தள்ளினால் கோணிக்கொள்ளும், முக்கோணம் லேசில் கோணாது. ஆடுகிற பெஞ்சின் கால்களுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு பட்டை அடித்ததும் ஆட்டம் நிற்கிறதே, அதே விஷயம்தான்.

அமெரிக்காவில் தியோடர் பர் என்ற பாலம் கட்டுபவர் ட்ரஸ்ஸோடு ஒரு வளைவையும் சேர்த்தார். எனக்குப் பிடித்தது இத்தியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820-இல் காப்புரிமை பெற்ற வடிவம்: பெரிய உத்தரங்களே வேண்டாம், சாதாரணப் பலகைகளை இரு பக்கமும் சாய்த்து ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட வைத்து, சந்திக்கிற இடமெல்லாம் துளையிட்டு மர ஆணி அடித்து இறுக்கிவிடுவார்கள், பாரம் பல பலகைகளுக்குப் பிரிந்துபோய்விடும்.

அப்புறம், இப்படிப்பட்ட பழைய மரப்பாலங்கள் பலவற்றின் மேல் இருக்கும் கூரை பயணிகள் நனையாமலிருக்க என்று பலர் நினைக்கிறார்கள். அது முக்கியமாக, மழையில் ட்ரஸ் மரம் மக்கிப்போகாமல் காக்கப் போட்டது.