நரம்பியல் ஆய்வு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவள். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். என் ஆச்சிக்குச் சில ஆண்டுகளாக அல்சைமர் நோய். என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. ஆனால் கோலமாவைக் கையில் கொடுத்தால் புள்ளி பிசகாமல் கோலம் போடுகிறார். இது எப்படி என்று தேடிப் படிக்கத் தொடங்கி, இப்போது நரம்பியலில் முனைவர் பட்டம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது. நினைவு என்றால் என்ன, மனம் என்றால் என்ன என்பதை ஆராய விரும்புகிறேன். ப்ளஸ் டூவுக்குப் பிறகு உயிரியலைத் தொட்டதில்லை. என்னைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா? இங்கேயே படிக்கலாமா, வெளிநாடு போவதுதான் சரியா? ஐந்து வருடம் படித்த பிறகு என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள். நீங்கள் நரம்பியல் ஆய்வு மாணவராக இருந்தவர் என்பதால் எழுதுகிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் ஆச்சியின் கையைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கு நரம்பியலின் வரலாற்றில் ஒரு முக்கியமான இடம் உண்டு. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, கடுமையான வலிப்பு நோயின் காரணமாக, மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்ற உட்பகுதியில் பெரும்பங்கை அறுவை சிகிச்சை மூலம் அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பிறகு சந்தித்த மனிதர்களையோ நடந்த நிகழ்ச்சிகளையோ அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. மான்ட்ரியலிலிருந்து வந்து அவரைப் பரிசோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே, தன் கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி பென்சிலை நகர்த்தச் சொன்னார். மூன்று நாட்களில் மொலைசனின் கை அதில் தேர்ச்சி பெற்றுவிட்டது. ஆனால் அந்தப் பயிற்சியை முன்பு செய்த நினைவே அவருக்கு இல்லை. நிகழ்ச்சிகளின் நினைவும் கைப்பழக்கத்தின் நினைவும் மூளையின் வெவ்வேறு பகுதிகளைச் சார்ந்தவை என்ற புரிதல் இத்தகைய சோதனைகளின் வழியாகத்தான் நிலைபெற்றது. அல்சைமர் நோய் பொதுவாக ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதிகளையும் முதலில் பாதிப்பதால், பெயர்கள் மறந்த பிறகும் நெடுநாள் பழகிய கைவேலை சிலரிடம் எஞ்சி நிற்கிறது.

மில்னரின் முறையை நீங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை விரிவாகச் சொல்கிறேன். பென்சில் எத்தனை முறை கோட்டைத் தாண்டியது, அந்த எண்ணிக்கை அடுத்த நாள் குறைந்ததா என்பதை அவர் கணக்கெடுத்தார். நினைவு என்றால் என்ன என்ற பெரிய கேள்வி அந்த எண்ணிக்கைக்குள் அடங்கியிருந்தது. முனைவர் பட்ட ஆய்வில் உங்களுக்குக் கிடைக்கப்போவதும் அத்தகைய ஒரு சிறிய கேள்விதான். மனத்தை ஆராய வேண்டும் என்ற ஆசையோடு வருபவர்களில் பலர் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அறிவோ உழைப்போ குறைவில்லை. தங்கள் அன்றாட வேலைக்கும் தங்களை அங்கே அழைத்துவந்த கேள்விக்கும் உள்ள தொடர்பை அவர்களால் உணர முடியாமல் போனதே காரணம். ஆகவே எந்தப் பல்கலைக்கழகம் என்று யோசிப்பதற்கு முன்பு, எந்த வகையான அன்றாட வேலையை ஐந்து ஆண்டுகள் மனம் ஒப்பிச் செய்ய முடியும் என்று யோசியுங்கள்.

நரம்பியல் என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும் வேலைகள் நடக்கின்றன. ஒருவர் புரதங்களைப் பிரித்தெடுப்பார், ஒருவர் குரங்குகளுக்கு மாதக்கணக்கில் பயிற்சி தருவார், ஒருவர் எம்ஆர்ஐ கருவிக்குள் மனிதர்களைப் படுக்கவைப்பார், ஒருவர் கணினியை விட்டு எழவே மாட்டார். நான் அருகிலிருந்து அறிந்த ஒன்றை மட்டும் விவரிக்கிறேன். பேட்ச் கிளாம்ப் என்ற முறையில் ஒரே ஒரு நரம்பணுவின் மின்னோட்டத்தை அளக்கலாம். எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் 1976இல் வெளியிட்ட இந்த முறைக்கு 1991இல் நோபல் பரிசு கிடைத்தது. காலையில் எலியின் மூளையை எடுத்து, குளிர்ந்த உப்புக்கரைசலுக்குள் வைத்து, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவல்களாக வெட்ட வேண்டும். ஆக்சிஜன் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும் கரைசலில் அந்தச் சீவல்கள் சில மணி நேரம் உயிரோடிருக்கும். அதற்குள், நுனி ஒரு மைக்ரான் அளவே உள்ள கண்ணாடி நுண்குழாயை நுண்ணோக்கியில் பார்த்தபடி ஒரு நரம்பணுவின் மேல் கொண்டுபோய் நிறுத்தி, குழாயின் மறுமுனையை வாயில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். சவ்வு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்போது மின்தடை ஒரு கிகா ஓமை, அதாவது நூறு கோடி ஓமை, தாண்டும். திரையில் இரைச்சல் அடங்கி, கோடு சமனாகிவிடும். இன்னும் சற்று அழுத்தி உறிஞ்சினால் சவ்வு கிழிந்து, அணுவின் உட்புறத்தோடு தொடர்பு கிடைக்கும். கொஞ்சம் கூடிவிட்டால் அணு செத்துவிடும். நாள் முழுவதும் இப்படி முயன்று பயன்படும் பதிவு ஒன்றுகூடக் கிடைக்காமல் இரவில் கருவியை அணைத்துவிட்டுப் போகிற நாட்கள் ஏராளம். இருந்தும் அந்த இரைச்சல் அடங்கும் கணத்துக்காக மறுநாள் காலை மீண்டும் வருபவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவரா என்பதை மதிப்பெண் சொல்லாது. ஏதாவது ஓர் ஆய்வகத்தில் கோடைக்காலப் பயிற்சியாளராகச் சில வாரங்கள் இருந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மேலே சொன்ன முறையில், எலியின் மூளையை எடுக்கும் முதல் படியிலேயே ஓர் உயிர் போகிறது. இந்தியாவில் இத்தகைய ஒவ்வொரு சோதனைக்கும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு முன்னதாக ஒப்புதல் தர வேண்டும், எத்தனை விலங்குகள், ஏன் இத்தனை, வலி எப்படிக் குறைக்கப்படும் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் காகிதம் உங்கள் மனத்தின் வேலையைச் செய்துவிடாது. அதைச் செய்ய முடியாது என்று தோன்றினால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை, விலங்குகளைத் தொடாத நரம்பியல் ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. சேர்ந்த பிறகு இதை முதன்முறையாக யோசிப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

இயற்பியல் படித்தவரைச் சேர்ப்பார்களா என்று தயங்க வேண்டியதில்லை. நரம்பணுவில் மின்துடிப்பு எப்படி எழுகிறது என்பதை முதலில் சமன்பாடுகளாக எழுதியவர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். கணவாயின் தடித்த நரம்பிழையில் அளந்த மின்னோட்டங்களிலிருந்து, 1952இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் இன்றும் இத்துறையின் அடித்தளம். கேம்பிரிட்ஜின் கணினி அப்போது கிடைக்காததால், ஹக்ஸ்லி அந்தச் சமன்பாடுகளைக் கையால் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்கு எந்திரத்தில் படிப்படியாகத் தீர்த்தார். அவை நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகள், உங்கள் எம்.எஸ்சி. கணிதம் போதும். பைத்தான் நிரல்மொழியில் நீங்களே எழுதி, உட்செலுத்தும் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். ஓர் எல்லை வரை எதுவும் நடக்காமல் இருந்து, அதன்பின் துடிப்புகள் வரிசையாக எழும். அந்த எல்லை எதனால் அமைகிறது என்ற கேள்வியில் ஓர் இரவு தூக்கம் போனால் இத்துறை உங்களுக்கு ஏற்றது என்று நம்புவேன். உயிரியல் அடிப்படைகளுக்கு ஐஐடி மெட்ராஸின் சீனிவாச சக்கரவர்த்தி என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் வழியாக வழங்கியிருக்கும் மூளையியல் வகுப்புகளிலிருந்தும், 2020இல் தொடங்கிய நியூரோமேட்ச் அகாடமியின் பாடங்களிலிருந்தும் தொடங்கலாம். இரண்டையும் வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்க முடியும்.

இந்தியாவில் பெங்களூரு ஐஐஎஸ்சியின் நரம்பியல் மையம், நிம்ஹான்ஸ், தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்சிபிஎஸ், ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் ஆகியவை முதலில் நினைவுக்கு வருபவை. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜெஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை பெறுவது பல கதவுகளைத் திறக்கும். 2023 ஜனவரி முதல் அந்த உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000 ரூபாய். சென்னையிலேயே ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கிறது. கருநிலைச் சிசுக்களின் மூளைகளை 5,132 சீவல்களாகப் படமெடுத்து 2024இல் அவர்கள் வெளியிட்ட வரைபடத்தின் பின்னால் ஒளியியலும் கணினியும் தெரிந்தவர்களின் உழைப்பு நிறைய இருக்கிறது. அல்சைமர்தான் உங்களை இழுக்கிறது என்றால், ஐஐஎஸ்சி வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில் 45 வயதைக் கடந்த கிராமத்து மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்துவரும் ஆய்வைப் பற்றிப் படியுங்கள். முதுமையில் நினைவு குன்றுவதைப் பற்றிய நம் அறிவு பெரும்பாலும் படித்த, வசதியான மேலைநாட்டு மக்களிடமிருந்து பெறப்பட்டது. பள்ளிக்கே போகாத ஒருவரின் நினைவாற்றலைக் காகிதத் தேர்வால் அளக்க முடியாது என்பதால், சோதனைகளையே புதிதாக வடிவமைக்க வேண்டியிருக்கிறது. இங்கேயே இருந்து செய்ய வேண்டிய வேலை என்று இதை நான் உறுதியாக நினைக்கிறேன்.

வெளிநாட்டின் உண்மையான நன்மை, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் மாறி மாறிப் பணியாற்றிப் பார்த்த பிறகே நெறியாளரை முடிவு செய்யலாம் என்பது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் பல்கலைக்கழகமும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் நரம்பியல் பட்டப்படிப்பு ஆங்கிலத்திலேயே நடக்கிறது. உள்நாடு, வெளிநாடு இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள், ஆனால் ஊரின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லாவற்றிலும் கனமான முடிவு. அல்சைமர் ஆய்வில் இதற்கு ஒரு வேதனையான சான்று உண்டு. 2006இல் நேச்சர் இதழில் வெளிவந்து, அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தின் ஒரு குறிப்பிட்ட தொகுப்பே எலிகளின் நினைவிழப்புக்குக் காரணம் என்று சொன்ன கட்டுரை ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டது. அதன் படங்கள் முறைகேடாக மாற்றப்பட்டிருந்தது தெரியவந்து, 2024இல் அது திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதன்மேல் தங்கள் ஆய்வைக் கட்டிய மாணவர்களை நினைத்துப் பாருங்கள். அமிலாய்டு பற்றிய மொத்த அறிவும் இதனால் சரிந்துவிடவில்லை. அமிலாய்டை அகற்றும் லெகனமாப் மருந்து, 18 மாதச் சோதனையில் நோயின் சரிவை 27 சதவீதம் மட்டுப்படுத்தியது. ஆயினும் மூலத் தரவுகளை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிற, எதிர்பார்த்த முடிவு வராதபோது மாணவர் அச்சமின்றி அதைச் சொல்ல முடிகிற ஆய்வகத்தை மட்டுமே தேர்ந்தெடுங்கள்.

வீட்டாரின் கேள்வி நியாயமானது. முனைவர் பட்டத்தோடு பேராசிரியர் பதவி வந்துவிடாது. பெரும்பாலோர் அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளேனும் முதுமுனைவர் ஆய்வாளராக வேலை பார்க்கிறார்கள், பதவிகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் இயற்பியலோடு தரவுகளைக் கையாளத் தெரிந்த நரம்பியலாளருக்கு மருத்துவக் கருவி நிறுவனங்கள், மருந்து நிறுவனங்கள், இயந்திரக் கற்றல் துறை எனப் பல வழிகள் உண்டு. சமன்பாடுகளையும் கணினியையும் கொண்டு மூளையை ஆராயும் கணிப்புமுறை நரம்பியலை உங்களுக்கு நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த சேர்க்கைக்கு இன்னும் காலமிருக்கிறது. பிடித்த நான்கைந்து ஆய்வகங்களின் அண்மைக் கட்டுரை ஒவ்வொன்றை வரிவரியாகப் படியுங்கள். புரியாத இடத்தைக் குறித்துக்கொண்டு, அதைப் பற்றிக் கேட்டு நெறியாளருக்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் மின்னஞ்சல் எழுதுங்கள். கூடவே நீங்கள் எழுதிய ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி நிரலையும் இணைத்து அனுப்புங்கள். அங்கு இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களிடமும், முடிக்காமல் விலகியவர் யாரேனும் இருந்தால் அவரிடமும், தனியாகப் பேசிப் பாருங்கள்.