பொதுநிலமும் ஓர் இரும்பு ஏணியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க மத்திய அரசின் கையில் இருக்கும் காடு, மலை, பாலை போன்ற பொதுநிலங்களை விற்கும் திட்டம் 2025 ஜூனில் கைவிடப்பட்டதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் டென்வரில் இருக்கிறேன். வார இறுதிகளில் குடும்பத்தோடு ஹைக்கிங் போவது வழக்கம். எனக்குச் சில சந்தேகங்கள். "பொதுநிலத்தைத் திறந்து வை" என்று இங்கே குரல் கொடுப்பவர்களில் நான் பார்த்தவரை வேட்டைக்காரர்களும் ஜீப் ஓட்டுபவர்களும்தான் அதிகம். அவர்களோடு எனக்கு என்ன பேச்சு? மனிதர்கள் போகாமல் பூட்டி வைப்பதுதானே காட்டுக்கு நல்லது? அப்புறம், விசாவில் இருக்கும் எனக்கு ஓட்டு கிடையாது. என் பேச்சை யார் கேட்பார்கள்?

ர., டென்வர்

அன்புள்ள ர.,

வேட்டைக்காரர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்குக்காக ஓர் உயிரைக் கொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் நீங்கள் இருக்கும் கொலராடோவில் பொதுநிலத்துக்குள் போக உங்களுக்கு இருக்கும் உரிமை அண்மையில் பலப்பட்டது நாலு வேட்டைக்காரர்களால்தான். அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வயோமிங் மாநிலத்தில் எல்க் மவுண்டன் என்றொரு மலை. அதைச் சுற்றியுள்ள நிலம் சதுரங்கப் பலகை போல இருக்கும். 1860களில் ரயில் பாதை போடுவதற்காக, பாதையின் இருபுறமும் நிலத்தை ஒரு சதுர மைல் கட்டங்களாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றை ரயில் கம்பெனிக்குக் கொடுத்தது அரசு. மற்ற கட்டங்களைத் தானே வைத்துக்கொண்டது. கம்பெனிக்குப் போனவற்றில் பெரும்பகுதி கைமாறி இன்று தனியார் பண்ணைகளாக இருக்கிறது. அதனால் ஒரு அரசுக் கட்டமும் அடுத்த அரசுக் கட்டமும் மூலையில் ஒரே ஒரு புள்ளியில்தான் சந்திக்கும். அந்தப் புள்ளியைத் தாண்டும்போது உங்கள் தோள் பக்கத்துத் தனியார் நிலத்துக்கு மேலே உள்ள காற்றில் படுமே, அதுவே அத்துமீறல் என்றார்கள் பண்ணைக்காரர்கள். இப்படி மூலையில் சிக்கிக் கிடக்கும் பொதுநிலம் மேற்கு மாநிலங்களில் சுமார் 83 லட்சம் ஏக்கர் என்பது, வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் வரைபடச் செயலியை நடத்தும் ஆன்எக்ஸ் நிறுவனத்தின் கணக்கு. நிலம் எல்லாருக்கும் சொந்தம், ஆனால் பக்கத்துப் பண்ணைக்காரரைத் தவிர யாரும் அதில் கால் வைக்க முடியாது!

அந்த நாலு பேரில் மூன்று பேர் மிசூரியிலிருந்து 2020இல் வேட்டைக்கு வந்தார்கள். ஒரு மூலையில் பண்ணைத் தரப்பு இரண்டு இரும்புக் கம்பங்களை நட்டுச் சங்கிலி போட்டிருந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி அந்தப் பக்கம் போனார்கள். அடுத்த வருஷம் நாலு பேருமாக ஓர் இரும்பு ஏணியைச் செய்து கொண்டுவந்தார்கள். பொதுநிலத்தில் ஏறி, கம்பங்களுக்கு மேலாகத் தாண்டி, பொதுநிலத்திலேயே இறங்கினார்கள். தனியார் மண்ணை மிதிக்கவே இல்லை. ஆனாலும் அவர்கள்மேல் கிரிமினல் வழக்கு போடப்பட்டது. 2022 ஏப்ரலில் ஜூரி அவர்களை விடுவித்தது. ஆனால் அதோடு முடியவில்லை. நிலத்தின் மதிப்பு போய்விட்டது என்று பல லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டுப் பண்ணை உரிமையாளர் அதற்கு முன்பே சிவில் வழக்கும் போட்டிருந்தார்.

நாலு தனி மனிதர்கள் இதைத் தங்கள் செலவில் தாங்கியிருக்க முடியாது. பேக்கன்ட்ரி ஹன்ட்டர்ஸ் அண்ட் ஆங்லர்ஸ் என்ற, வேட்டைக்காரர்களும் மீன் பிடிப்பவர்களும் சேர்ந்த அமைப்பின் வயோமிங் கிளை இணையத்தில் உண்டியல் வைத்தது. ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தின் துணையோடுதான் வழக்கு நடந்தது. பொதுநிலத்துக்குப் போகிறவர்களை வேலியாலோ வேறு வழியிலோ தடுக்கக் கூடாது என்று 1885லேயே ஒரு சட்டம் இருக்கிறது. அதை வைத்து 2025 மார்ச்சில் பத்தாவது சர்க்யூட் என்ற, சில மாநிலங்களுக்குப் பொதுவான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் பண்ணையின் மனுவை எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பத்தாவது சர்க்யூட்டின் எல்லைக்குள் கொலராடோவும் வருகிறது. அங்கே இப்படி ஒரு மூலையைத் தாண்டி நீங்கள் ஹைக்கிங் போனால், உங்களுக்கும் துணை நிற்கப்போவது இந்தத் தீர்ப்புதான்.

நீங்கள் கேட்ட 2025 ஜூன் விற்பனைத் திட்டத்தின்போதும் இப்படிப்பட்ட ஆட்கள்தான் முன்னால் நின்றார்கள். யூட்டா செனட்டர் மைக் லீ 11 மாநிலங்களில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் விற்கச் சொன்னபோது, மலையேறுபவர்களும் மீன் பிடிப்பவர்களும் வேட்டைக்காரர்களும் சேர்ந்து செனட்டர்களின் அலுவலகங்களுக்கு ஓயாமல் போன் செய்தார்கள். லீயின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த மொன்டானா, ஐடஹோ செனட்டர்களே எதிர்த்தார்கள். இதில் மொன்டானா அந்த விற்பனைப் பட்டியலிலேயே இல்லை. ஜூன் 28ஆம் தேதி லீ பின்வாங்கினார். இதற்கு முன்பு 2017இல் யூட்டாவைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் 33 லட்சம் ஏக்கர் விற்க மசோதா கொண்டுவந்து, இதே கூட்டத்தின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்.

பூட்டி வைப்பது நல்லதா என்று கேட்கிறீர்கள். சில இடங்களில், சில மாதங்களில், கட்டாயம் நல்லது. யூட்டாவின் பாலை மண்மீது நுண்ணுயிர்கள் சேர்ந்து ஒரு பொருக்குப் படிந்திருக்கும். மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு சக்கரம் ஏறினால் அது திரும்ப வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். 2023 செப்டம்பரில் மோஆப் ஊருக்கு அருகே, லாபிரிந்த் பள்ளத்தாக்குப் பகுதியில், நில நிர்வாகத் துறையான பிஎல்எம் 317 மைல் வண்டிப்பாதைகளை மூடியது. 800 மைலுக்கு மேல் திறந்தே இருந்தன. ஜீப்காரர்கள் கொதித்துப்போனார்கள், ஆற்றில் படகு விடுகிறவர்கள் வரவேற்றார்கள். ஆற்றோரப் பாதைகளை மூடியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஜீப்காரர்கள் சொன்ன ஒன்றைத் தள்ளிவிட முடியவில்லை. முழங்கால் தேய்ந்த ஒரு பெரியவர் அந்தப் பாறை விளிம்புக்குப் போக வண்டிப்பாதையை விட்டால் வேறு வழி கிடையாது. எந்தப் பாதையை எதற்காக மூடுகிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. பராமரிக்க ஆளில்லை, பணமில்லை என்பதற்காக கேட்டைப் பூட்டினால் அதை நாம் எதிர்க்க வேண்டும். போக முடியாத இடத்தை ஜனங்கள் மறந்துவிடுவார்கள். பிறகு அதை விற்க வந்தால் யார் போன் செய்வார்கள்?

சரி, உங்கள் ஓட்டு விஷயம். பிஎல்எம்மோ வனத்துறையோ ஒரு திட்டத்துக்குப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது உங்கள் குடியுரிமையைக் கேட்பதில்லை. விசாவில் இருப்பவரும் எழுதலாம். ஆனால் இது ஓட்டெடுப்பு அல்ல. ஓர் அமைப்பு எழுதிக் கொடுத்த அதே கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்பினாலும் ஒரே கருத்தாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். பாதையின் பெயர் அல்லது எண், எந்த மாதம் போகிறீர்கள், யாரோடு போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஊரிலிருந்து கோடைக்கு வரும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக முடிகிற சமதளப் பாதை அது ஒன்றுதான் என்றால் அதையும் சொல்லுங்கள். அதிகாரியின் மேசையில் இருக்கும் வரைபடத்தில் அந்தத் தகவல் இருக்காது. இன்னொன்று, வனத்துறைத் திட்டங்கள் பலவற்றில், குறித்த காலத்துக்குள் கருத்து எழுதியவர்களுக்கு மட்டுமே பின்னால் ஆட்சேபம் தெரிவிக்க உரிமை உண்டு. முடிவு வந்த பிறகு கோபப்பட்டுப் பயனில்லை.

ஒவ்வொரு தேசிய வனத்துக்கும் வரப்போகும் திட்டங்களின் பட்டியலை வனத்துறை இணையத்தில் போடுகிறது. உங்களுக்குப் பக்கத்தில் அராப்பஹோ, பைக் என்று இரண்டு வனங்கள் இருக்கின்றன. அவற்றின் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் நடக்கிற பாதை ஏதாவது அதில் இருந்தால் எழுதி, எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.